தக்காளிக்குக் கீழே ஒரு ரொட்டி இருக்கிறது

இத்தாலிய உணவகத்தின் பட்டியலில் ப்ருஸ்கெட்டா என்ற பெயரைப் பார்த்தால் பெரும்பாலோருக்கு நறுக்கிய தக்காளிதான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்தப் பெயரை ஒட்டிக் கண்ணாடிப் புட்டிகளே விற்கிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே தக்காளி, வெங்காயம், பேசில் இலை எல்லாம் சேர்ந்த கலவை இருக்கும், ரொட்டி இருக்காது. இன்னொரு இத்தாலிய ரொட்டிப் பண்டமான குரோஸ்டினியின் பாடு இன்னும் மோசம். சூப்பில் மிதக்கும் ரொட்டித் துண்டு என்று சிலர் சொல்கிறார்கள். சீஸ் உருக்கிய பிரெட், பூண்டு ரொட்டியின் வேறொரு பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு.

குழப்பம் பெயரோடு நின்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அது சமையலையும் கெடுக்கிறது. மேலே வைப்பதுதான் பதார்த்தம் என்று எண்ணிவிட்டால், கையில் கிடைத்த பிரெட்டில் எதையாவது குவித்துவிடத் தோன்றும். ஐந்து நிமிடத்தில் அது நனைந்து, நடுவில் தொய்ந்து, கையில் எடுத்ததும் கிழியும். சாப்பிட்டவர் ‘இதற்கா இவ்வளவு பேர்?’ என்று கேட்டால் அதில் தவறில்லை.

இத்தாலியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது ரொட்டியை வைத்து ஒரு சமையல். ரொட்டிக்குள் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும், அதை எந்த இடத்தில் விட்டுவைக்க வேண்டும், எந்த இடத்திலிருந்து விரட்ட வேண்டும் என்ற கேள்விதான் அதன் அடித்தளம். அந்த நூலைப் பிடித்துக்கொண்டே இந்தக் கட்டுரையில் போவோம்.

## எது குரோஸ்டினி, எது ப்ருஸ்கெட்டா?

இத்தாலியில் முறையான விருந்து பாஸ்தாவோடு தொடங்குவதில்லை. அதற்கு முன்பே பசியைக் கிளறிவிடச் சிறு தட்டுகளில் சில பண்டங்கள் வரும். இந்த முதல் பகுதிக்கு அன்டிபாஸ்டோ என்று பெயர். குரோஸ்டினியும் ப்ருஸ்கெட்டாவும் இதில் இடம்பெறுபவை.

ஒல்லியான நீள ரொட்டியை ஏறக்குறைய 1 செ.மீ. தடிமனில், சில சமயம் அதைவிட மெல்லியதாக வெட்டி, வாட்டி, மேலே ஒரு கலவையைத் தடவிக் கொடுத்தால் அது குரோஸ்டினி. இரண்டு மூன்று கடியில் முடிந்துவிடும் அளவு.

ப்ருஸ்கெட்டாவுக்குப் பெரிய நாட்டு ரொட்டி வேண்டும். அதிலிருந்து 1.5 அல்லது 2 செ.மீ. தடிமனில் ஒரு துண்டு வெட்டித் தணலின் மேல் சுட வேண்டும். பிறகு பச்சைப் பூண்டைத் தேய்த்து, உப்புத் தூவி, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்ற வேண்டும். அதோடு பண்டம் முழுமையாகிவிட்டது. தக்காளி சேர்ப்பது அவரவர் விருப்பம். ரோம் நகரைச் சுற்றியுள்ள லாட்சியோ பகுதியிலும் அப்ருட்சோவிலும் உம்ப்ரியாவிலும் இது அன்றாடப் பண்டம். டஸ்கனியில் இதையே ஃபெட்டுன்டா என்கிறார்கள்.

சூப்பில் போடும் துண்டு என்று சொன்னவர்களையும் முழுக்கத் தவறு என்று தள்ள முடியாது. சூப்போடு தரும் வாட்டிய சிறு துண்டுகளையும் இத்தாலியர்கள் குரோஸ்டினி என்றே அழைக்கிறார்கள். பூண்டு ரொட்டி மட்டும் வேறு கதை. வெண்ணெயில் பூண்டைக் கலந்து ரொட்டியில் பூசி அடுப்பில் வேகவைக்கும் அந்தப் பண்டம், அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களின் சமையலில் வளர்ந்தது.

சுருக்கமாகச் சொன்னால், குரோஸ்டினி மெல்லியது, சிறியது, பெரும்பாலும் மேலே ஏதாவது தடவப்பட்டது. ப்ருஸ்கெட்டா தடித்தது, பெரியது, பூண்டும் எண்ணெயும் மட்டுமே போதும். இந்தத் தடிமன் வேறுபாடு அலங்காரத்துக்காக வந்ததில்லை. அதன் காரணம் புரிய, முதலில் ரொட்டி பழசாவதைப் பார்க்க வேண்டும்.

## ரொட்டி எப்படிப் பழசாகிறது?

நேற்றைய ரொட்டி இன்று விறைத்துப்போனால் ‘காய்ந்துவிட்டது’ என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். இரவு மிஞ்சிய சோற்றை இறுக மூடிய பாத்திரத்தில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பருக்கையும் விறைத்திருக்கும். விரலால் அழுத்தினால் குழையாது, உடையும். மூடிய பாத்திரத்திலிருந்து தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. அதே சோற்றை மூடியபடியே சூடாக்கினால் மறுபடி மென்மையாகிறது.

காரணம் மாவுச்சத்து. அரிசியிலும் கோதுமையிலும் அது நுண்ணிய மணிகளாக இருக்கிறது. ஒவ்வொரு மணிக்குள்ளும் சங்கிலி போன்ற மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். தண்ணீரோடு சேர்ந்து சூடேறும்போது மணி உப்பி, அடுக்கு குலைந்து, சங்கிலிகளுக்கு இடையே நீர் புகுந்துகொள்கிறது. வெந்த சோற்றின் மென்மையும் புதிய ரொட்டியின் மென்மையும் இப்படி வந்தவைதான். ஆறிய பிறகு அந்தச் சங்கிலிகள் மெதுவாக ஒன்றையொன்று நெருங்கி மறுபடி வரிசை கட்டத் தொடங்கும். இதை மாவுச்சத்தின் மறுபடிகமாதல் என்கிறோம். ரொட்டி பழசாவதில் பெரும்பங்கு இதனுடையது. ஈரம் வெளியேறுவது இதோடு சேர்ந்து நடக்கும் இன்னொரு வேலை.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்டிஸ்ட் பூசங்கோ. நீர் வெளியேறாதபடி அடைத்துவைத்தாலும் ரொட்டி பழசாகிறது, பழைய ரொட்டியைச் சூடாக்கினால் மென்மை திரும்புகிறது என்று அவர் 1852ல் காட்டினார். அந்த வரிசை ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் மறுபடி குலைந்துவிடுவதுதான் மென்மை திரும்பக் காரணம். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் வரிசை கட்டுவது மிக வேகமாக நடக்கிறது. அதனால் ரொட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில் வைப்பது அதைக் கெடுக்கச் சிறந்த வழி. வெளியே துணியில் சுற்றி வைக்கலாம், அல்லது நேராக உறைபெட்டியில் போட்டுவிடலாம்.

இனி இத்தாலியின் கிராமத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். டஸ்கனியின் பண்ணை வீடுகளில் விறகு அடுப்பை மூட்டி வாரத்துக்கு ஒருமுறை போலத்தான் ரொட்டி சுடுவார்கள். நான்காம் நாள், ஐந்தாம் நாள் ரொட்டியை என்ன செய்வது? காய்கறிகளும் பீன்ஸும் சேர்த்துக் கொதிக்கவைத்து ரிபோல்லீட்டா செய்தார்கள். நனைத்துப் பிழிந்து தக்காளியோடு சேர்த்து பான்சனெல்லா என்ற சாலட் செய்தார்கள். நெருப்பில் காட்டி எண்ணெய் ஊற்றியும் தின்றார்கள். அப்படிப் பார்த்தால் குரோஸ்டினியும் ப்ருஸ்கெட்டாவும் மிஞ்சிய ரொட்டியை மரியாதையோடு மேசைக்குக் கொண்டுவரும் முறைகள்.

ஒரு நாள் பழைய ரொட்டி இதற்கு ஏற்றதாகவும் இருக்கிறது. விறைத்திருப்பதால் கத்தி அழுத்தத்தில் நசுங்காமல் மெல்லிய துண்டுகளாக வெட்ட வருகிறது. மேற்புறத்தில் ஈரம் குறைந்திருப்பதால் சீக்கிரம் சிவக்கிறது. உள்ளே விறைத்த பகுதி சூட்டில் மறுபடி இளகுகிறது. அன்றைக்குச் சுட்ட ரொட்டியை வாங்கிவந்து குரோஸ்டினிக்கு வெட்டப் பாடுபடுபவர்கள் அதை மறுநாள்வரை விட்டுவைத்தால் போதும்.

## தணலில் நடப்பது

ரொட்டியைச் சுடுவதை வெறுமனே சூடாக்குவது என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன.

முதலில் மேற்பரப்பிலுள்ள தண்ணீர் போக வேண்டும். ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. கிடைக்கும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். மேற்பரப்பு உலர்ந்த பிறகுதான் வெப்பம் விறுவிறுவென்று ஏறுகிறது. ஏறக்குறைய 140 டிகிரியைத் தொடும்போது இரண்டாவது வேலை வேகமெடுக்கிறது. ரொட்டியிலுள்ள புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் வினைபுரிந்து, பொன்னிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. 1912ல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மெயாரின் பெயரால் இதை மெயார் வினை என்கிறார்கள். சுட்ட ரொட்டியின் வாசனை பெருமளவு இதிலிருந்துதான் வருகிறது.

இப்போது தடிமனுக்கு வருவோம். கனன்றுகொண்டிருக்கும் தணலில் 2 செ.மீ. துண்டைக் காட்டினால் வெளிப்புறம் இரண்டு நிமிடத்தில் சிவந்துவிடும். சூடு நடுப்பகுதிக்குப் போய் அங்கிருக்கும் ஈரத்தை விரட்ட நேரம் கிடைப்பதில்லை. அதனால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே இளக்கமும் ஒரே துண்டில் அமைகின்றன. ப்ருஸ்கெட்டாவின் சிறப்பே இதுதான். அதே தணலில் மெல்லிய துண்டை வைத்தால் கருகிப்போகும். மெல்லிய துண்டுக்கு ஓவனின் மிதமான சூடு பொருத்தம். 180 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் இருந்தால் நடுப்பகுதிவரை ஈரம் போய், ஓசையெழ உடையும் குரோஸ்டினி கிடைக்கும்.

பொன்னிறம் போதும், கறுப்பு வேண்டாம். சுவை கசப்பாவது ஒரு காரணம். மாவுப்பொருளை அதிக வெப்பத்தில் நீண்டநேரம் வைக்கும்போது, மெயார் வினையின் ஒரு கிளையாக அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருள் உருவாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல் போன்றவற்றில் அதைக் குறைக்கும்படி உணவுத் தயாரிப்பாளர்களுக்கு விதி வகுத்திருக்கிறது. கருகிய ஓரங்களைச் சுரண்டி எறிந்துவிடுங்கள்.

ஆக, சுடுவது என்றால் ஈரத்தை வெளியேற்றி, பிறகு நிறமும் மணமும் ஏறவிடுவது. கடும் சூட்டில் தடித்த துண்டு வைத்தால் உள்ளே ஈரம் தங்கும். மிதமான சூட்டில் மெல்லிய துண்டு வைத்தால் முழுக்க உலரும்.

## பூண்டு முதலில், எண்ணெய் பிறகு

பல வீடுகளில் பிழை நேரும் இடம் இதுதான். எண்ணெயைத் தடவிவிட்டுப் பிறகு பூண்டைத் தேய்க்கிறார்கள். எவ்வளவு அழுத்தினாலும் பூண்டு வழுக்கிக்கொண்டே போகும், ரொட்டியில் எதுவும் ஒட்டாது.

நன்றாகச் சுட்ட ரொட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காற்றறைகளின் விளிம்புகள் உலர்ந்து சிறு பற்களாக நிமிர்ந்து நிற்கும். தோலுரித்த பூண்டுப் பல்லை அதன் மேல் இழுத்தால் கரகரவென்று சத்தம் கேட்கும். இரண்டு மூன்று இழுப்பில் பல் தேய்ந்து சிறுத்துவிடும். ரொட்டியின் மேல் ஈரமான, வெளிறிய ஒரு தடம் தெரியும். அந்தத் தடம் மின்னும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் வாயில் பூண்டைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பூண்டுப் பல்லை அப்படியே முகர்ந்தால் பெரிதாக நெடி இருக்காது. அதன் செல்களுக்குள் ஒரு மூலப்பொருளும் அதை மாற்றும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நொதி என்பது உயிரினங்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். செல் கிழியும்போதுதான் இரண்டும் கலந்து, அல்லிசின் என்ற காரமான பொருள் பிறக்கிறது. ரொட்டியின் கரடு செல்களைக் கிழிக்கிறது. உடனே அல்லிசின் உண்டாகிறது. முழுப் பல்லை முதலிலேயே வேகவைத்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும், காரம் எழாது. வெண்ணெயில் வேகும் பூண்டு ரொட்டிக்கும் ப்ருஸ்கெட்டாவுக்கும் சுவையில் அவ்வளவு தூரம் இருப்பதற்குக் காரணம், ஒன்றில் பூண்டு வெந்தது, மற்றொன்றில் பச்சை.

இனி எண்ணெய். ரொட்டி சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகித் துளைகளுக்குள் இறங்குகிறது, அதன் மணம் எழும்புகிறது. ஆறிய ரொட்டியில் ஊற்றினால் மேலேயே குளம் கட்டி நிற்கும். எண்ணெய்க்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எண்ணெய் படிந்த பரப்பில் தண்ணீர் எளிதில் ஊறாது. பின்னால் வரும் தக்காளிச் சாறு உடனே உள்ளே புகாதபடி அது சிறிது நேரம் தடுத்து நிற்கும்.

எந்த எண்ணெய்? எக்ஸ்ட்ரா வெர்ஜின் எனப்படும் முதல் தர ஆலிவ் எண்ணெய். வேதிப்பொருளோ சுத்திகரிப்போ இல்லாமல் பழத்தை அரைத்துப் பிரித்து எடுத்தது. கட்டற்ற கொழுப்பு அமிலம் 0.8 சதவீதத்துக்கு மிகாமல், சுவையில் குறை இல்லாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அதிலும் அக்டோபர், நவம்பரில் அறுவடை முடிந்து ஆலையிலிருந்து வந்த புதிய எண்ணெய்க்கு இத்தாலியில் தனி மதிப்பு. பச்சைப் பசேல் என்று, சற்றுக் கலங்கலாக, விழுங்கியதும் தொண்டையில் சுரீர் என்று உறைக்கும். புது எண்ணெயைச் சோதித்துப் பார்க்கச் சுட்ட ரொட்டியைவிடச் சிறந்த கருவி அவர்களுக்குத் தெரியாது. உம்ப்ரியாவின் ஸ்பெல்லோ ஊரில் இந்தப் பருவத்தில் ஆலிவ் திருவிழாவும் ப்ருஸ்கெட்டா திருவிழாவும் சேர்ந்தே நடக்கின்றன.

அந்தத் தொண்டை உறைப்புக்கும் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. சுவை ஆய்வாளர் கேரி பீச்சம் சிசிலியில் புது எண்ணெயை ருசித்தபோது, இபுப்ரோஃபென் என்ற வலி மருந்தைத் திரவமாக விழுங்கும்போது வரும் அதே எரிச்சலை உணர்ந்தார். அதைப் பின்தொடர்ந்து அவரும் சக ஆய்வாளர்களும் 2005ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், அந்த எரிச்சலைத் தரும் பொருளுக்கு ஒலியோகாந்தால் என்று பெயரிட்டார்கள். இபுப்ரோஃபென் தடுக்கும் அதே நொதிகளை அதுவும் தடுக்கிறது என்று காட்டினார்கள். இதற்காக எண்ணெயை மருந்தாகக் குடிக்க வேண்டியதில்லை. உறைப்பு என்பது எண்ணெய் கெட்டுப்போனதன் அடையாளம் என்று நினைத்துப் புட்டியைத் தூக்கி எறியாமல் இருந்தால் சரி.

வரிசையை ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்வோம்: சுட்டதும் பூண்டு, பிறகு உப்பு, பிறகு எண்ணெய், கடைசியில்தான் ஈரமான எதுவும்.

## தக்காளியின் தண்ணீர்

தக்காளி இல்லாத இத்தாலியச் சமையலை நம்மால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்த காய். 1548ல் பீசா நகரில் ஃப்ளாரன்ஸின் ஆட்சியாளர் கோசிமோ தே மெடிச்சியின் வீட்டுக்கு ஒரு கூடை தக்காளி வந்து சேர்ந்த செய்தி பதிவாகியிருக்கிறது. அது சாதாரண மக்களின் தட்டில் பரவலாக இடம்பிடிக்க மேலும் பல தலைமுறைகள் ஆயின. ரொட்டியும் எண்ணெயும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த மண்ணில் சேர்ந்து இருந்தவை. தக்காளி பிறகு வந்த விருந்தாளி; நல்ல விருந்தாளி.

தக்காளியின் பெரும்பகுதி தண்ணீர். நறுக்கி அப்படியே வைத்தால் அந்த நீர் ரொட்டிக்குத்தான் போகும். அதனால் நறுக்கிய தக்காளியில் உப்புப் போட்டுக் கால் மணி நேரம் வடிகட்டியில் விடுங்கள். செல்லுக்கு வெளியே உப்பின் செறிவு கூடும்போது உள்ளேயிருக்கும் நீர் வெளியேறும். இதைச் சவ்வூடு பரவல் என்கிறோம். வடிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பான பகுதியில்தான் சுவையூட்டும் குளுட்டாமிக் அமிலம் சதைப்பகுதியைவிட அதிகம். அந்தச் சாற்றில் ஒரு கரண்டியை எண்ணெயோடு அடித்துத் தக்காளியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பேசில் இலையைக் கத்தி படாமல் கையால் கிள்ளிப் போடுங்கள். நம் ஊர்த் திருநீற்றுப் பச்சிலையும் அதே செடியினம்தான். மணத்தில் சற்று மாறுபடும்.

ஒரு வேண்டுகோள்: பழுக்காத தக்காளி கிடைக்கும் நாளில் தக்காளி ப்ருஸ்கெட்டா செய்யாதீர்கள். பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்டுச் சாப்பிடுங்கள். அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

## டஸ்கனியின் கறுப்பு குரோஸ்டினி

இதுவரை மொறுமொறுப்பையே பேசிவந்தோம். இப்போது அதை மீறும் ஒரு பண்டம், என் கணக்கில் குரோஸ்டினிகளில் தலைசிறந்தது.

டஸ்கனியின் ரொட்டியில் உப்பு கிடையாது. உப்பில்லாமல் செய்வதே அந்த ரொட்டியின் இலக்கணம். 2016ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர்ப் பட்டியலில் ஏறிய பாநே டொஸ்கானோவும் உப்பில்லாததே. தனியாகத் தின்றால் முதலில் சப்பென்றுதான் இருக்கும். அதன் மேல் வைப்பதற்காக அந்தப் பகுதி மக்கள் கண்டுபிடித்தவற்றைப் பாருங்கள்: உப்பில் ஊறிய நெத்திலி, உப்பிட்ட கேப்பர் மொட்டு, உப்புக்கண்டமாக்கிய பன்றி இறைச்சி. எல்லாம் கறார் உப்பு. ரொட்டி ஒதுங்கி நின்று மேலே இருப்பதைப் பேசவிடுகிறது.

கறுப்பு குரோஸ்டினி என்பது கோழி ஈரலில் செய்வது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில், சிலர் வெண்ணெயில், நிறம் மாறாமல் வெகுநேரம் வதக்குவார்கள். சுத்தம் செய்த ஈரலைச் சேர்த்து நிறம் மாறியதும், உலர்த்திய திராட்சையிலிருந்து செய்யும் வின் சாந்தோ என்ற ஒயினை ஊற்றி வற்றவிடுவார்கள். அதில் நெத்திலி கரைந்து காணாமல்போகும். மீன் வாடை நிற்காது, ஆழமான உப்புச் சுவை மட்டும் மிஞ்சும். கேப்பரின் புளிப்பு ஈரலின் கனத்தை வெட்டும். பிறகு எல்லாவற்றையும் பலகையில் கொட்டி, பிறைவடிவக் கத்தியால் அங்குமிங்கும் ஆட்டிக் கொத்துவார்கள். விழுதாக அரைத்துவிடக் கூடாது. நாக்கில் சிறு மணிகள் தட்டுப்பட வேண்டும். மறுபடி சட்டியில் போட்டு, கொஞ்சம் இறைச்சிச் சாறு விட்டு இளக்கிச் சூடாக எடுப்பார்கள். சியன்னா பக்கம் சிலர் மாட்டு மண்ணீரலையும் சேர்ப்பதுண்டு. கலவை பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், பார்வைக்கு அழகில்லை. கிறிஸ்துமஸ் விருந்தில் இது இல்லாமல் பல டஸ்கன் வீடுகளில் மேசை நிறையாது.

இங்கேதான் ஈரத்தின் கதை திரும்புகிறது. வாட்டிய ரொட்டியின் ஒரு பக்கத்தைக் கொதிக்கும் சாற்றில் ஒரு நொடி தொட்டு எடுத்து, அந்த நனைந்த பக்கத்தின் மேல் ஈரலைப் பரப்புவார்கள். அடிப்பக்கம் உறுதியாக நிற்கும். மேற்பக்கம் கலவையோடு ஒன்றாகிவிடும். எங்கே ஈரம் வேண்டும் என்பதைச் சமைப்பவர் தீர்மானித்துத் தொட்டுவைக்கிறார். தெரியாமல் நனைந்துபோன ரொட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதல் கடியிலேயே உணரலாம்.

## ஊர் மாறினால்

மற்ற பகுதிகளைச் சுருக்கமாகவே தொட்டுச் செல்கிறேன். டஸ்கனியின் வடக்கு ஓரத்தில் கர்ராரா பளிங்கு மலையிலுள்ள கொலொன்னாட்டா ஊரில், பன்றியின் முதுகுக் கொழுப்பைப் பளிங்குத் தொட்டிகளில் உப்பும் ரோஸ்மேரியும் பூண்டும் மிளகும் இட்டுக் குறைந்தது ஆறு மாதம் பதப்படுத்துகிறார்கள். காகிதம்போல் சீவி, சுடச்சுட ரொட்டியின் மேல் வைத்தால் வெள்ளைக் கொழுப்பு கண்ணாடிபோல் தெளிந்துவிடும். எண்ணெயின் வேலையை இங்கே கொழுப்பு செய்கிறது.

வெனிஸின் சிறு மதுக்கடைகளில் சிக்கெட்டி என்ற பெயரில் வரும் சிறு துண்டுகளில் புகழ்பெற்றது, காய்ந்த காட் மீனை ஊறவைத்து வேகவைத்து எண்ணெய் விட்டு அடித்த வெண்மையான கூழ். 1431ல் புறப்பட்டு நார்வே கடலில் கப்பல் சிதைந்த வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினி, ரோஸ்ட் தீவு மக்களிடம் அந்தக் காய்ந்த மீனைப் பார்த்து எழுதிவைத்தார். இன்றும் அந்த மீன் வடக்கு நார்வேயிலிருந்து இத்தாலிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

பியட்மான்ட்டில் திராட்சை அறுவடையின்போது பூண்டு தேய்த்த ரொட்டியோடு திராட்சைப் பழத்தைச் சேர்த்துத் தின்பார்கள். கலாப்ரியாவில் மிளகாய் ஏறிச் சிவந்த ‘ந்தூயா’ என்னும் இளகிய பன்றி இறைச்சிப் பூச்சைத் தடவுகிறார்கள். பூலியாவில் இரண்டு முறை சுட்டுக் கல்லாக்கிய வளைய வடிவ ஃப்ரிசெல்லாவைத் தண்ணீரில் முக்கித் தக்காளி வைப்பார்கள். ஈரத்தை முற்றாக நீக்கிவிட்டு, சாப்பிடும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கும் முறை.

இன்னொன்று. ப்ருஸ்கெட்டாவுக்குச் சியபட்டாதான் தொன்மையான ரொட்டி என்று பலர் எழுதுகிறார்கள். சியபட்டாவை 1982ல் வெனிஸுக்குத் தெற்கேயுள்ள அட்ரியா ஊரில் அர்னால்டோ கவல்லாரி உருவாக்கினார். நல்ல ரொட்டிதான், ஆனால் வயது அவ்வளவுதான்.

## வீட்டில் செய்யும்போது

இனிப்பில்லாத ரொட்டி தேடுங்கள். கடையில் கிடைக்கும் மென்மையான பிரெட்டில் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்திருப்பதால், உள்ளே உலர்வதற்கு முன்பே மேலே சிவந்துவிடும். புளிக்கவைத்த நாட்டு ரொட்டி ப்ருஸ்கெட்டாவுக்கும், நீளமான பகெட் குரோஸ்டினிக்கும் பொருந்தும். தணல் இல்லாதவர்கள் கனமான இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விடாமல், துண்டை லேசாக அழுத்தி இருபுறமும் சுடலாம். சுட்ட துண்டைத் தட்டையான தட்டில் வைக்காதீர்கள். அடியில் ஆவி தங்கி நனைந்துவிடும். கம்பிச் சல்லடையின் மேல் வைத்தால் காற்று கீழேயும் புகும்.

மேலே வைப்பதற்கு ஈரலும் நெத்திலியும் வேண்டாம் என்பவர்களுக்கு டஸ்கனியே வழி வைத்திருக்கிறது. வெள்ளை பீன்ஸைச் சேஜ் இலையோடும் பூண்டோடும் குழைய வேகவைத்து, கரண்டியால் மசித்து, எண்ணெயும் மிளகும் விட்டுப் பரப்பினால் போதும். ரிக்கோட்டா சீஸும் தேனும், அல்லது கோர்கோன்சோலா சீஸும் அக்ரூட்டும்கூட நன்றாகச் சேரும். ஒரு துண்டில் இரண்டு பொருள்களுக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்றாவது பொருள் ஏறும்போது ரொட்டியின் சுவை காணாமல்போகிறது.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குரோஸ்டினித் துண்டுகளைக் காலையிலேயே வாட்டி, முழுக்க ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடலாம். இரண்டு மூன்று நாள் மொறுமொறுப்பு குறையாது. குறைந்தாலும் ஓவனில் ஐந்து நிமிடம் வைத்தால் திரும்பிவிடும். மேல்கலவையைத் தனியாகத் தயார்செய்து, ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு பரப்புங்கள். ப்ருஸ்கெட்டாவை மட்டும் முன்கூட்டிச் செய்யவே முடியாது. சுட்ட கையோடு பூண்டைத் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, நேராக அவரவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.